அக்குளில் ஒரு மொச்சை

குளித்துவிட்டுத் துவட்டும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வலது அக்குளில், கொஞ்சம் உள்ளே தள்ளி. விரலால் அழுத்தினால் நழுவிப் போகிறது, விட்டால் திரும்பி வந்து உட்காருகிறது. பிதுக்குப் பருப்புக்கு ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கும்போது விரலிடுக்கிலிருந்து வழுக்கி ஓடுமே, அதே மாதிரி. வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதத்தோடு ஒன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். என் உடம்பில் வலிக்கிற இடமெல்லாம் எனக்குத் தெரிந்த இடம். இது தெரியாத இடம்.

அம்மா பட்டுக்கோட்டையில் இருக்கிறார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, அன்று ராத்திரி வீடியோ காலில் சொல்லிவிட்டேன். அவர் பதறவே இல்லை.

“நெறி கட்டியிருக்கும்டி. கையில எங்கயாச்சும் புண்ணு இருக்கா பாரு.”

“இல்லம்மா.”

“நல்லாப் பாரு. புண்ணு இல்லாம நெறி கட்டாது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். நெறி என்றால் நன்னெறி, ஒழுக்கம் என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறாள். “அக்குள்ல எப்படிம்மா ஒழுக்கம் கட்டும்?” என்று கேட்டாள். அந்த நேரத்திலும் சிரித்துவிட்டேன். அப்புறம் அவளுக்குச் சொன்னேன்: சின்ன வயதில் காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் ஒரு கட்டி எழும்பும். யாரும் கட்டிக்கு வைத்தியம் பார்க்க மாட்டார்கள். காலைத் தூக்கிப் பார்த்து முள்ளைத் தேடுவார்கள். தலையில் சிரங்கு வந்தால் கழுத்துக்குப் பின்னால் நெறி கட்டும். அக்குளில் கட்டினால் கையைப் பார்ப்பார்கள். நிணநீர் என்ற சொல்லையே கேட்டிராதவர்களுக்கும் அது எந்த வழியாக ஓடுகிறது என்பது தெரிந்திருந்தது.

என் கையில் புண் இல்லை. மோதிரம் இரண்டு மாதமாகக் கழற்ற வரவில்லை, அவ்வளவுதான். அதை நான் புண்ணாக எண்ணவில்லை.

படுத்த பிறகு செய்யக் கூடாததைச் செய்தேன். கைப்பேசியை எடுத்துத் தேடினேன். ஒரு மணி நேரத்தில் மூன்று பூதங்கள் கிடைத்தன. ஒன்று, மார்பகப் புற்று. மார்பிலிருந்து வடியும் நிணநீரில் பெரும்பகுதி அக்குளுக்குத்தான் போகிறது, அதனால் அங்கே கட்டி என்றால் முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். இரண்டு, லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்று. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அது வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்றாவது காசநோய், நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்த பூதம். இரண்டு மடங்கு என்பது பெரிய எண் மாதிரித் தெரியும். லிம்போமாவே அரிதான நோய், அரிதானதை இரண்டால் பெருக்கினாலும் அது அரிதாகத்தான் இருக்கும். இதைப் பகலில் யோசித்தால் புரிகிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் புரியவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். எந்தக் கிளினிக் என்பது முக்கியமில்லை. மருத்துவர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார், மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேவுக்குக் கடிதம் எழுதினார். அதில் தப்பே இல்லை, 51 வயதில் எழுதத்தான் வேண்டும். வேறு நோய் உண்டா என்று கேட்டார். முடக்குவாதம் என்றேன். அதைத் தட்டெழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மேசைமேல் என் வலது கை கிடந்தது, மணிக்கட்டு பன் மாதிரி உப்பி. அவர் அதைப் பார்க்கவே இல்லை. என் அம்மா பார்த்திருப்பார்.

பத்து நாள் கழித்து வாதநோய் மருத்துவரிடம் முறை இருந்தது. அவர் சீனப் பெண்மணி, அதிகம் பேச மாட்டார், விரல்கள்தான் பேசும். எப்போதும்போல மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். இந்த நோயில் 28 மூட்டுகளை எண்ணி மதிப்பெண் போடும் ஒரு முறை உண்டு. தோள் 2, முழங்கை 2, மணிக்கட்டு 2, முழங்கால் 2, மீதி 20ம் கைவிரல்களில். அந்தக் கணக்கில் பாதம் கிடையாது, அக்குளும் கிடையாது. ஒன்பது வருடமாக என்னை எண்ணியவர்கள் யாரும் 29வது இடத்துக்குக் கை கொண்டுபோனதில்லை. கட்டி இருக்கிறது என்று நான் சொன்ன பிறகு இவர் போனார். முழங்கைக்கு உள்பக்கம், எலும்பு முட்டுக்குக் கொஞ்சம் மேலே விரலை வைத்துத் தேடினார். பிறகு அக்குள், மறுபக்க அக்குள், கழுத்து, தொடையிடுக்கு. ராத்திரி வியர்க்கிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா என்று கேட்டார்.

எனக்குக் கேட்க வேண்டியது வேறு. மணிக்கட்டு வலி தாங்கவில்லை, முன்பு கொடுத்த மாதிரி ஒரு வாரத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுங்கள் என்றேன். இப்போது வேண்டாம் என்றார். காரணத்தைக் கேட்டதும் எனக்குச் சில்லென்றது. ஸ்டீராய்டு கொடுத்தால் வாதத்தால் வீங்கிய நிணநீர்க் கணுவும், அதாவது அம்மா சொன்ன நெறியும், சுருங்கும், லிம்போமாவாக இருந்தால் அதுவும் தற்காலிகமாகச் சுருங்கிவிடும். அப்புறம் எது எதுவென்று தெரியாமல் போகும். முதலில் படம் பார்ப்போம், பிறகு மாத்திரை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைச் சாப்பிடுபவர்களில் அபூர்வமாகச் சிலருக்கு நிணநீர் அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதும் உண்டாம். அவர்களில் சிலருக்கு மருந்தை நிறுத்தினாலே வீக்கம் வடிந்துவிடுகிறது. நான் ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த மாத்திரையை விழுங்குகிறவள். ஆக மூன்று பூதத்தோடு நாலாவதும் சேர்ந்துகொண்டது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறையில் குளிர் தாங்கவில்லை. இந்த ஊரில் எந்த அறைதான் குளிராது? ஸ்கேன் எடுக்க வந்த பெண் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் தொடங்கினாள். மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் காஸ்வே பாலம் தாண்டி வருகிறாளாம், விடியுமுன் கிளம்பினால்தான் நேரத்துக்கு வர முடியுமாம். “அக்கா, கையைத் தலைக்கு மேல தூக்கி வச்சுக்குங்க. முடியலன்னா சொல்லுங்க, தலையணை வைக்கிறேன்.” முடியவில்லை. தலையணை வைத்தாள். அந்த ஒரு கேள்விக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்து அவள் கேட்டது: “சமீபத்துல ஊசி எதுவும் போட்டீங்களா? எந்தக் கையில?” கோவிட் தடுப்பூசி வந்த புதிதில் ஊசி போட்ட பக்கத்து அக்குளில் கணு வீங்கி, மேமோகிராமில் அது தெரிந்து, உலகம் முழுக்கப் பெண்கள் அலறியது நினைவிருக்கலாம். ஊசியும் ஒரு வகையில் முள்தானே. இல்லை என்றேன்.

ஜெல்லைப் பிழிந்தாள். எதற்கு இந்தக் கொழகொழப்பு என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். தோலுக்கும் கருவிக்கும் நடுவே நூலளவு காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடும், ஜெல் அந்தக் காற்றை விரட்டுகிறது என்றாள். மனிதக் காது அதிகபட்சம் நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். அவள் கையிலிருந்த பட்டையான கருவி எழுப்புவது 1 கோடியே 20 லட்சம். உடம்புக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடுகிறது. வீட்டுக்கு வந்து வகுத்துப் பார்த்தேன்: ஒரு அலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். அதனால்தான் அத்தனை சின்னப் பொருளும் துலக்கமாகத் தெரிகிறது. அதிர்வு கூடக்கூட ஆழம் குறையும், ஆனால் அக்குளுக்கு அது போதும்.

திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் மேகம் மேகமாக என்னென்னவோ. அதன் நடுவே வந்து நின்றது. மொச்சையேதான். ஓரம் கறுப்பு, நடுவில் வெள்ளை, ஒரு பக்கம் மொச்சையின் கண் மாதிரி சின்னப் பள்ளம். கறுப்பு ஓரத்தைப் புறணி என்கிறார்கள், நோய் எதிர்ப்பு அணுக்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் இடம். வெள்ளை நடுப்பகுதி கொழுப்பு. அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் ரத்தக்குழாய் உள்ளே போகிறது, வடிகட்டிய நிணநீர் வெளியே வருகிறது. இரண்டு முனையிலும் குறி வைத்து அளந்தாள். நீளம் 17 மில்லிமீட்டர், குறுக்கு 8, புறணியின் தடிமன் 4.

“இது நல்லதா கெட்டதாம்மா?”

“டாக்டர்தான் சொல்லணும் அக்கா. நான் சொல்லக்கூடாது.” கொஞ்ச நேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே, “பயப்படாதீங்க லா” என்றாள்.

பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். பவர் டாப்ளர். ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பதை விட்டுவிட்டு, ரத்தம் நகர்கிறதா என்பதை மட்டும் நிறமாகக் காட்டும் முறை. மெல்ல ஊர்கிற ரத்தத்தையும் பிடித்துவிடும். திரையில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கருவியைத் தோலில் அழுத்தியிருந்த கையைக் கொஞ்சம் தளர்த்தினாள். உடனே மொச்சையின் பள்ளத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கிளை முளைத்தது, இரண்டாகப் பிரிந்தது, ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் கொழுந்துவிட்டு அடங்கியது. மறுபடி அழுத்தினாள், அணைந்தது. தளர்த்தினாள், எரிந்தது. “அமுக்கினா ரத்தம் போகாது அக்கா. அவசரப்பட்டா ஒண்ணும் இல்லைன்னு எழுதிடுவோம்.” அத்தனை விலையுள்ள எந்திரத்தின் முடிவு, பிடித்திருக்கும் கை எவ்வளவு இலேசாக இருக்கிறது என்பதில் தொங்குகிறது.

அதே கருவியை அப்படியே மணிக்கட்டுக்குக் கொண்டுபோனாள். மருத்துவர் இரண்டையும் சேர்த்தே எழுதியிருந்தார். மணிக்கட்டிலும் அதே ஆரஞ்சு, இன்னும் தடித்து, எலும்புக்கு மேலே அடுப்புத் தணல் மாதிரி. மூட்டின் உள்சவ்வு வீங்கிப் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன என்று அர்த்தம். கீழே தணல், மேலே அதன் வெளிச்சம். நான் தேடிய புண் அங்கே இருந்தது, தோலுக்கு அடியில். அம்மா சொன்னது சரிதான்.

மருத்துவரிடம் திரும்பப் போனபோது அவர் படத்தை வைத்துக்கொண்டு விளக்கினார். கணு நீள்வட்டமாக இருக்கிறதா, உருண்டு போயிருக்கிறதா? நீளம் குறுக்கைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் ஆறுதல். நடுவிலுள்ள வெள்ளை இருக்கிறதா, கறுப்பு அதைத் தின்றுவிட்டதா? புறணி சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறதா? ரத்தம் வாசல் வழியாக முறையாக நுழைகிறதா, சுவரேறிக் குதிப்பதுபோல ஓரத்திலிருந்து நுழைகிறதா? என்னுடையது நான்கிலும் தேறியது. இடறியது புறணியின் தடிமன் மட்டும்தான். மார்பகப் பிரிவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் புருவத்தை உயர்த்துவார்கள், எனக்கு 4. ஆனால் கை மூட்டில் அழற்சி கொதிக்கும்போது அக்குள் கணு அந்த அளவுக்குத் தடிப்பது அதிசயமில்லை என்றார். மேமோகிராம் சுத்தம். ரத்தப் பரிசோதனைகளிலும் காசநோய்ச் சோதனையிலும் பயப்பட ஒன்றுமில்லை, அழற்சியைக் காட்டும் எண்கள் மட்டும் ஏறியிருந்தன.

ஊசியால் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டுமா என்று கேட்டேன். இப்போது வேண்டாம், மூட்டை அடக்குவோம், மூன்று மாதம் கழித்து இதே கணுவை இதே இடத்தில் அளப்போம், சுருங்காவிட்டாலோ உருண்டாலோ அன்றைக்கே ஊசி என்றார். இந்த நிபந்தனையைச் சொன்னதுதான் எனக்கு நிம்மதி தந்தது. ‘ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வாதக்காரிக்கு நெறி கட்டுவது சகஜம் என்று விட்டுவிடுவதும், நெறி என்றாலே புற்று என்று ஓடுவதும் இரண்டும் சோம்பேறித்தனம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முடக்குவாதம் பல வருடம் அடங்காமல் கொதித்துக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் லிம்போமா வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். அப்படியானால் மூட்டைச் சரியாக அடக்குவதே பூதத்துக்கும் ஒரு வேலி. மோதிரம் மாட்டிக்கொண்ட இரண்டு மாதமும் ‘கொஞ்சம் வீக்கம்தானே’ என்று நான் பொறுத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் என்மேல்தான் கோபம் வருகிறது.

அதன்பின் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன், இந்த முறை பகலில். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஆராய்ச்சியாளர்கள் மூட்டழற்சி வரும்படி மரபணு மாற்றிய எலிகளின் முழங்காலுக்குப் பின்னாலுள்ள கணுவைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். முதலில் கணு ஊதிப் பெருத்து, மூட்டிலிருந்து வருவதையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் பி அணுக்கள் என்ற ஒரு வகை நோய் எதிர்ப்பு அணுக்கள் இடம் மாறி உள் வாய்க்கால்களை அடைத்துக்கொள்ள, கணு திடீரென்று குன்றிப்போகிறது. வடிகால் அடைபட்டதும் முழங்கால் மோசமாகிறது. கார்த்திகை அடைமழையில் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்து வயல் மூழ்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எலிக்கு நடப்பது மனிதருக்கு அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் வீங்கிய கணுவைவிட அடைபட்ட கணு பொல்லாதது என்ற எண்ணம் எனக்குப் புதிது.

இத்தாலியின் பவியாவிலிருந்து ஒரு குழு முடக்குவாதக்காரர்களின் அக்குள் கணுக்களையே பவர் டாப்ளரில் பார்த்து, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து தொடங்கிய பிறகு அவை எப்படி மாறுகின்றன என்று பின்தொடர்ந்து 2016ல் எழுதியிருக்கிறது. சின்ன ஆய்வு, முதல் அடி. ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு படி மேலே போய், மூட்டு இன்னும் வீங்காத, ரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) மட்டும் தென்படுகிற ஆட்களிடமே ஸ்கேன் பார்த்து ஊசி செலுத்தி, தொடையிடுக்குக் கணுவிலிருந்து துளி எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நோய் மூட்டில் தொடங்கிக் கணுவுக்குப் போகிறதா, கணுவில் தொடங்கி மூட்டுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. எனக்கு இந்தக் கேள்வி ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கவில்லை, சுவாரசியமாக இருந்தது. அதற்காக எல்லாரும் போய் அக்குளை ஸ்கேன் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டி ஏதும் இல்லாதவர்களுக்கு இது வழக்கமான பரிசோதனை கிடையாது. முடக்குவாதத்துக்கு மெடிசேவ் என்கிற இந்த ஊர் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் அதற்கு வரம்பு உண்டு. மணிக்கட்டுக்குப் போக மிச்சத்தை நான் கையிலிருந்துதான் கட்டினேன்.

மெத்தோட்ரெக்சேட் அளவைக் கூட்டினார்கள், கூடவே இன்னொரு மாத்திரை. ஸ்கேன் முடிந்துவிட்டதால் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டும் கிடைத்தது. ஏழாவது வாரம் பாத்திரம் தேய்க்கும்போது மோதிரம் தானாகக் கழன்று சிங்க்கில் விழுந்தது. சந்தோஷப்படுவதற்குமுன் அது குழாய்க்குள் போய்விடுமோ என்று பதறித் துழாவினேன்.

மூன்று மாதம் கழித்து அதே அறை, அதே குளிர், வேறு ஆள். இவர் இளைஞர், பேச்சே இல்லை, துணைக்கு ஒரு தாதி நின்றார். கையை நானே தூக்கி வைத்தேன், தலையணை கேட்கவில்லை. மொச்சையைத் தேட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நீளம் 14, குறுக்கு 6, புறணி 2.5. டாப்ளரை அழுத்தினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், இலேசாகப் பிடித்திருக்கிறாரா என்று. இலேசாகத்தான் பிடித்திருந்தார். வாசலருகே ஒரு பொட்டு ஆரஞ்சு, அவ்வளவுதான். மணிக்கட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

“புறணி நாலுலேர்ந்து ரெண்டரைக்கு வந்துடுச்சும்மா. நீளம் பதினேழு இருந்தது, இப்ப பதினாலு.”

“என்னடி இது, துணிக்கு அளவு சொல்ற மாதிரி? நெறி இறங்கிருச்சா இல்லையா?”

“இறங்கிருச்சும்மா.”

“கை?”

“பரவாயில்ல. மொச்சை பிதுக்கினேன் நேத்து. அரைக் கிலோ.”

“அரைக் கிலோவா? கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?” என்று திட்ட ஆரம்பித்தார். பேருந்து வந்துவிட்டது.